சலக்கடுப்பு வந்த இரவில்: மிச்சக் குளிசையா, துண்டா, கல்ச்சரா?

இரவு ஒன்பதரைக்கு வெள்ளவத்தையிலிருந்து பெரியம்மா போன் எடுத்தார். "பிள்ளை, திரும்பவும் சலக்கடுப்பு. போன முறை தந்த சிப்ரோ ஆறு குளிசை மிச்சம் கிடக்கு. போடட்டோ?"

நான் டொக்டர் இல்லை. கொழும்பில் ஒரு லாபில் கிருமி வளர்க்கிற மேசையில் வேலை. ஊரார் சலம் காலையில் சின்னச் சின்னப் போத்தல்களில் என் மேசைக்கு வரும். மூன்றாம் நாள் 'எஸ்' (மருந்து கேட்கும்), 'ஆர்' (மருந்து கேட்காது) என்று இரண்டே எழுத்தாகத் திரும்பிப் போகும். டொக்டரிடம் இதைச் சொல்ல வெட்கப்படுகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைப் பிடிப்பது அதனால்தான்.

பெரியம்மாவுக்கு அறுபத்து நான்கு வயது. சீனி வருத்தம் உண்டு, குளிசையில் கட்டுப்பட்டு இருக்கிறது. ஒரு வருடத்துக்குள் சலக்கடுப்பு இது மூன்றாவது தடவை. காய்ச்சல் இருக்கா, நடுக்கம் இருக்கா, விலாவுக்குப் பின்பக்கம் நோகுதா என்று திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஒன்றும் இல்லை. அப்படியானால் அவருக்கு முன்னால் நாலு வழி. மிச்சம் கிடக்கிற சிப்ரோ என்ற அன்டிபயோட்டிக் குளிசையைப் போடலாம், அல்லது விடிந்ததும் பாமசியில் பேர் சொல்லி வாங்கலாம். டொக்டரிடம் போய், கிருமி எதுவென்று தெரியாமலே ஊகத்தில் எழுதுகிற மருந்தை எடுக்கலாம். சலத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சருக்குக் கொடுத்துவிட்டு ரிப்போட் வரும்வரை பொறுக்கலாம். இல்லையென்றால் தண்ணீரையும் பனடோலையும் நம்பி இருக்கலாம்.

எது நல்லது என்று பார்க்குமுன் ஒரு குழப்பத்தை அவிழ்க்க வேண்டும். ரிப்போட்டில் 'ஆர்' வரிசையாக இருந்தால் கிருமி பொல்லாதது, எல்லாம் 'எஸ்' என்றால் சாது என்றுதான் வாசிக்கிறவர்கள் நினைக்கிறார்கள். சில டொக்டர்மாரும் அப்படிப் பேசிக் கேட்டிருக்கிறேன். கிருமி உடம்பை என்ன செய்யும் என்பது ஒரு கேள்வி. மருந்து கிருமியை என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. முதலாவது வீரியம், இரண்டாவது மருந்தெதிர்ப்பு. என் மேசையிலிருந்து போகிற ரிப்போட்டுக்கு இரண்டாவதுக்கு மட்டும்தான் பதில் தெரியும். முதலாவதுக்கான பதிலைக் காய்ச்சலிலும் நடுக்கத்திலும் விலா நோவிலும்தான் பார்க்கலாம்.

வீரியத்தை எடுத்துக்கொள்வோம். சாதாரண சலக்கடுப்பில் நாலில் மூன்று பங்கு ஈ.கோலையின் வேலை. 1885இல் தியோடர் எஷரிக் குழந்தைகளின் மலத்தில் கண்டு எழுதிய அதே கிருமி. நம் எல்லோர் குடலிலும் பேசாமல் கிடப்பது. சலப்பைக்குள் ஏறினால்தான் அதன் சாமான்களை வெளியே எடுக்கும். உடம்பெல்லாம் மயிர் போன்ற இழைகள். அவற்றின் நுனியில் ஃபிம்ஹெச் என்ற புரதம் ஒரு கொக்கி மாதிரி. சலப்பைச் சுவரில் உள்ள மன்னோஸ் என்ற சர்க்கரையில் அது மாட்டிக்கொள்ளும். சலம் வேகமாய் அடித்துக்கொண்டு போனால் கழன்றுவிடும் என்று நினைப்போம். இழுக்க இழுக்கப் பிடி இறுகுகிற கொக்கி அது. சில இனங்களுக்கு இதற்கு மேல் பி இழை என்று இன்னொரு வகை உண்டு. அது சிறுநீரகத்தின் உட்சுவரில் ஒட்டும். சலப்பையோடு நிற்காமல் மேலே ஏறுகிற கிருமிகளிடம் அடிக்கடி காண்பது இதைத்தான். அப்புறம் செல்களைத் துளைக்கிற ஹீமோலைசின் நஞ்சு, நம் உடம்பின் இரும்பைத் திருடுகிற மூலக்கூறுகள் என்று பட்டியல் நீளும்.

(அந்தக் கொக்கியை ஏமாற்றலாம் என்று டி-மன்னோஸ் தூள் விற்கிறார்கள். யோசனை அழகானது, தூளில் உள்ள சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு கிருமி சலத்தோடு போய்விடும் என்பது கணக்கு. 2024இல் பிரித்தானியாவில் 598 பெண்களில் ஆறு மாதம் பார்த்தார்கள். தூள் குடித்தவர்களுக்கும் வெறும் தூள் குடித்தவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.)

இனி, ஒரே கிழமையில் என் மேசைக்கு வந்த இரண்டு பேரின் தட்டுகள். ஒன்று வார்டிலிருந்து வந்த இரத்தக் கல்ச்சர். இருபது வயசுகளில் ஒரு பெண். நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீரகத்தில் தொற்று. இரத்தம் கலந்த கூழில் கிருமி வளர்க்கிற அகார் தட்டைத் தூக்கி லைட்டுக்குப் பிடித்தால், ஒவ்வொரு கொலனியை (கிருமித் திட்டை) சுற்றியும் சிவப்பு கரைந்து கண்ணாடி போல ஒரு வளையம். ஹீமோலைசின் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். மருந்துத் தட்டில், மருந்து தோய்த்த கடதாசிப் பொட்டுகளான டிஸ்குகளைச் சுற்றிக் கிருமி வளராத பெரிய பெரிய வெறும் வட்டங்கள். அம்பிசிலினுக்குக்கூட 'எஸ்'. இந்தக் காலத்தில் அப்படி ஒரு ஈ.கோலையைப் பார்ப்பதே அருமை. அந்தச் 'சாது'க் கிருமிதான் இரத்தம்வரை ஏறி, பிள்ளையை ஐந்து நாள் ஊசியில் வைத்திருந்தது. மற்றது கதீற்றர் (சலம் வடிக்கிற குழாய்) போட்டிருந்த ஒரு தாத்தாவின் சலம். கிளெப்சியெல்லா என்ற கிருமி, ஊசியால் தொட்டுத் தூக்கினால் நூலாய் இழுபடுகிற சளிக் கொலனி. டிஸ்க் வைத்த இடமெல்லாம் புல் முளைத்த மாதிரி வளர்ந்திருந்தது. பயந்துபோய் டொக்டருக்குப் போன் எடுத்தேன். "ஆளுக்குக் காய்ச்சல் இல்லை, ஒரு கரைச்சலும் இல்லை. கதீற்றரை எடுக்கிறோம், மருந்து தேவையில்லை" என்றார்.

வீரிய மரபணுக்கள் பெரும்பாலும் கிருமியின் சொந்தக் குரோமோசோமில் கூட்டமாகக் குந்தியிருக்கும். எதிர்ப்பு மரபணுக்களில் பல பிளாஸ்மிட் என்கிற சின்ன வளையத்தில் கைமாறித் திரியும், நேற்றுவரை முகம் தெரியாத கிருமிக்கும் போகும். சிப்ரோவுக்கு அடங்காத ஈ.கோலைகளில் பலவற்றிடம் வீரியச் சாமான் குறைவு என்று பல வருடம் நம்பியிருந்தோம், பெரும்பாலும் சரியும்தான். 2008இல் எஸ்டி131 என்ற ஈ.கோலைப் பரம்பரை அந்த நிம்மதியைக் குலைத்தது. வீரியமும் சிப்ரோ எதிர்ப்பும், கூடவே சிடிஎக்ஸ்-எம்-15 என்ற நொதியால் செபலோஸ்போரின் வகை மருந்துகளுக்கு எதிர்ப்பும் ஒன்றாய்ச் சேர்ந்த கூட்டம் அது, பல நாடுகளில் ஒரே நேரத்தில் தலைகாட்டியது. சலத்தை மட்டும் பார்த்து எதையும் அடித்துச் சொல்ல எனக்குக் கூச்சம் வருவது இந்தப் பரம்பரையால்தான்.

சரி, பெரியம்மாவின் ஆறு குளிசைக்கு வருவோம். பொல்லாத ஆசை காட்டுகிற வழி இதுதான். நாளுக்கு இரண்டு போட்டால் மூன்று நாள். சாதாரண சலக்கடுப்புக்கு ஒரு காலத்தில் எழுதிய கணக்கும் அதுவே. ஆனால் இதே மருந்தை அவர் சில மாதங்களுக்கு முன்தான் பாதி போட்டார். சமீபத்தில் சிப்ரோ எடுத்தவரின் கிருமி சிப்ரோவுக்கு அடங்காமல் இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மரபணுவில் இரண்டு மூன்று எழுத்து மாறினால் போதும். வட்டமே வராத சிப்ரோ டிஸ்க் என் மேசையில் அன்றாடக் காட்சி. மருந்தும் லேசுப்பட்டதில்லை. தசைநார் அறும் ஆபத்து உண்டு. 2016இல் அமெரிக்க மருந்து நிர்வாகமே, வேறு வழி இருக்கும்போது சாதாரண சலக்கடுப்புக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்றது. சீனிக் குளிசை போடுகிறவர்களுக்கு இரத்தச் சீனியைத் திடீரென்று விழுத்தியும் விடும். இன்னொன்று, லாப் ஆளாக எனக்கு எரிச்சலூட்டுவது: இரண்டு குளிசை போட்டுவிட்டு மூன்றாம் நாள் சலம் கொண்டு வருவார்கள். கிருமி அரைமயக்கத்தில் கிடக்கும், தட்டில் வளராது. 'வளர்ச்சி இல்லை' என்று நான் எழுதுவேன், ஆளுக்குக் கடுப்பு நிற்காது.

பாமசிக் கதையும் இதேதான். வைத்தியரின் துண்டில்லாமல் அன்டிபயோட்டிக் விற்கக்கூடாது என்பது நாட்டின் சட்டம். பேர் சொல்லிக் கேட்டால் எண்ணித் தருகிற கடை ஒன்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும், எனக்கும் தெரியும். "போடாதேங்கோ பெரியம்மா" என்றேன்.

தண்ணீர் வழியைச் சிரித்துத் தள்ள மாட்டேன். 2015இல் ஜெர்மனியில் 494 பெண்களில் ஒரு ஆய்வு நடந்தது. பாதிப்பேருக்கு ஃபொஸ்ஃபோமைசின் என்ற அன்டிபயோட்டிக், பாதிப்பேருக்கு ஐபுப்ரோஃபென் மட்டும். வலி மருந்து மட்டும் எடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அன்டிபயோட்டிக் தேவைப்படாமலே சுகமானது. ஆனால் கடுப்பு கூடுதல் நாள் இழுத்தது, சிறுநீரகத்துக்கு ஏறியவர்களும் அந்தப் பக்கம்தான் அதிகம். இளம் பெண், வேறு வருத்தம் இல்லை, லேசான எரிவு என்றால் ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பதில் பிழையில்லை. அறுபத்து நான்கு வயதும் சீனியும் உள்ளவருக்கு அந்தச் சூதாட்டம் வேண்டாம். வராமல் தடுக்க என்றால் தண்ணீர் கெட்டிக்காரன்: 2018இல் வந்த ஒரு ஆய்வில், தண்ணீர் குறைவாகக் குடித்துவந்த பெண்கள் நாளுக்கு ஒன்றரை லீற்றர் கூட்டிக் குடித்தபோது, வருடத்துக்கு ஏறக்குறைய மூன்று தடவை வந்தது இரண்டுக்குக் கீழே இறங்கியது. பார்லித் தண்ணீர், தெம்பிலி இளநீர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் தெம்பிலியில் உள்ள பொட்டாசியத்துக்குப் பயப்பட வேண்டும்.

கல்ச்சருக்குக் கொடுத்துவிட்டுப் பொறுப்பது என் தொழிலுக்குச் சாதகமான வழி. ஆனாலும் அதன் ஓட்டைகள் எனக்குத்தான் தெரியும். முதல் நாள் சலத்தைத் தட்டில் தேய்க்கிறேன். இரண்டாம் நாள் வளர்ந்ததை எடுத்து டிஸ்க் வைக்கிறேன். மூன்றாம் நாள் வட்டங்களை மில்லிமீற்றரில் அளக்கிறேன். இதைச் சுருக்க முடியாது. நடுவில் சனி ஞாயிறும் போயா விடுமுறையும் வந்தால் இன்னும் இழுக்கும். அதற்குள் கடுப்பில் துடிக்கிறவர் என்ன செய்வார்? சலம் பிடிக்கிற விதத்திலும் பாதி ரிப்போட் கெடுகிறது. கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு நடுச்சலத்தைப் பிடிக்க வேண்டும், இரண்டு மணித்தியாலத்துக்குள் லாபுக்கு வர வேண்டும். காலி வீதி நெரிசலில் ஆட்டோ சீட்டில் போத்தல் முப்பது பாகை வெயில் காய்ந்தால், உள்ளே கிருமிகள் இரட்டித்துக்கொண்டே இருக்கும். மில்லிலீற்றருக்கு ஆயிரமாகப் புறப்பட்டது ஏழு தடவை இரட்டித்தால் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் 1956இல் தொற்றுக்கு வைத்த எல்லையே அந்த ஒரு லட்சம்தான். உடனே கொண்டு வர முடியாவிட்டால் ஃபிரிட்ஜில், ஐஸ் பெட்டியில் இல்லாமல் கீழ்த்தட்டில் வையுங்கள்.

யூஎஃப்ஆர் என்கிற சாதாரண சலப் பரிசோதனை அன்றைக்கே வரும், அது வேறு. சீழ்க்கலங்களும் நைட்ரைட்டும் இருந்தால் தொற்று என்று நம்பலாம். நைட்ரைட் இல்லை என்றால் தொற்று இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. என்டரோகொக்கஸ் மாதிரிச் சில கிருமிகளுக்கு நைட்ரைட் செய்யத் தெரியாது. எந்த மருந்து கேட்கும் என்பதை யூஎஃப்ஆர் ஒருநாளும் சொல்லாது.

மிஞ்சுவது டொக்டரின் ஊகம். ஊகம் என்றால் குருட்டுத்தனம் என்று நினைக்க வேண்டாம், அதற்கும் கணக்கு உண்டு: ஒரு ஊரில் ஐந்தில் ஒரு கிருமிக்கு மேல் ஒரு மருந்து கேட்கவில்லை என்றால், அந்த மருந்தை ஊகத்தில் எழுதக்கூடாது. கோ-டிரைமொக்சசோல் என்ற மருந்துக்குச் சர்வதேச வழிகாட்டிகள் வைத்த எல்லை அது. இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த மருந்து நைட்ரோபியூரன்டொயின். 1953இலிருந்து பாவனையில் இருக்கிற கிழவன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஈ.கோலையின் தட்டில் அதற்கு வட்டம் விழுகிறது. கிருமியின் உள்ளே போய் ஒரே நேரத்தில் பல இடங்களைத் தாக்குவதால் ஒரு மரபணு மாற்றத்தில் தப்பிவிட முடியாது. சலத்தில் மட்டும் செறிகிறது; குடல் கிருமிகளைப் பெரிதாய்க் குழப்பாது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் அன்டிபயோட்டிக்குகளை மூன்றாகப் பிரித்தபோது, முதலில் கைவைக்க வேண்டியவற்றில் இதையும், கண்காணித்துக் கொடுக்க வேண்டியவற்றில் சிப்ரோவையும் போட்டது.

அதன் குறைகளும் அதே குணத்தில்தான் இருக்கின்றன. சலத்தில் மட்டும் செறிவதால் சிறுநீரகத் திசுவுக்கு எட்டாது. காய்ச்சலோடு வந்தவருக்கு இதைக் கொடுத்தால் சலம் சுத்தமாகும், மேலே தொற்று எரிந்துகொண்டிருக்கும். சிறுநீரகம் நன்றாக வடிக்காதவருக்குச் சலப்பைக்கே போய்ச் சேராது. அதனால் கிரியேற்றினின் (சிறுநீரகம் எப்படி வடிக்கிறது என்று காட்டுகிற இரத்தப் பரிசோதனை) பார்க்காமல் வயசானவர்களுக்கு எழுதக்கூடாது. புரோட்டியஸ் கிருமி பிறவியிலேயே இதற்கு அடங்காது. தட்டு முழுக்க அலை அலையாய்ப் படர்ந்து, மீன் வாடை அடிக்கிற கிருமி அது. சலத்தைக் காரமாக்கிக் கல்லும் உண்டாக்கும். பிரசவம் நெருங்கியவர்களுக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கும் இந்த மருந்து ஆகாது. சாப்பாட்டோடு போட வேண்டும், சலம் கபில நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம். எரிவை அடக்கத் தருகிற சிட்ரேட் மருந்தை இதோடு சேர்க்க வேண்டாம், சலத்தின் புளிப்பு குறைந்தால் இதன் பலமும் குறையும். இந்தக் கடைசி விஷயம் துண்டு எழுதுகிற கைகளுக்கே சில நேரம் மறந்துவிடுகிறது.

ஃபொஸ்ஃபோமைசின் மூன்று கிராம், தண்ணீரில் கரைத்து ஒரே தடவை. நல்ல மருந்து, கிடைக்கிற இடத்தைத் தேடித்தான் போக வேண்டும். கோ-அமொக்சிகிளாவும் செபுரொக்சிமும் கொழும்புத் துண்டுகளில் நிறையப் பார்க்கிறேன். ஈஎஸ்பிஎல் (செபலோஸ்போரின் மருந்துகளை உடைக்கிற நொதி) உள்ள கிருமி என்றால் செபுரொக்சிம் அனேகமாக வீண்.

ஆகவே பெரியம்மாவுக்கு நான் சொன்னது இரண்டு வழியைக் கலந்தது. காலையில் முதல் வேலை, மருந்து வாயில் படுமுன் நடுச்சலத்தைப் பிடித்து லாபில் கொடுப்பது. அங்கிருந்து நேரே டொக்டரிடம். பழைய கிரியேற்றினின் ரிப்போட்டையும், போன தடவை போட்ட மருந்தின் பெயரையும் கையில் கொண்டுபோவது. டொக்டர் சிறுநீரகக் கணக்கைப் பார்த்து நைட்ரோபியூரன்டொயின் ஐந்து நாளுக்கு எழுதினார். முதல் தடவை வருகிற சுகதேகியான இளம் பெண்ணுக்கு இந்தக் கல்ச்சர் தேவையே இல்லை, ஊகம் போதும். திரும்பத் திரும்ப வருகிறவர், சீனிக்காரர், ஆண்கள், கதீற்றர் உள்ளவர்களுக்குக் கல்ச்சர் இல்லாமல் மருந்து தொடங்குவது எனக்குச் சரியாய்ப் படவில்லை. கர்ப்பிணி என்றால் கடுப்பே இல்லாமல் கிருமி இருந்தாலும் மருந்து வேண்டும். காய்ச்சல், நடுக்கம், விலா நோவு, வாந்தி வந்துவிட்டால் இந்த ஒப்பீடே தேவையில்லை. களுபோவிலை ஆஸ்பத்திரியோ பெரியாஸ்பத்திரியோ, கிட்ட எதுவோ அங்கே அன்றிரவே போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசம்.

மூன்றாம் நாள் அவருடைய தட்டை நானே வாசித்தேன். ஈ.கோலை. சிப்ரோ டிஸ்கை ஒட்டியே வளர்ந்திருந்தது. செபோடாக்சிம் டிஸ்கின் வட்டம் சின்னது, ஆனால் நடுவில், மருந்தை உடைக்கிற நொதியை அடக்கும் கிளாவுலனிக் உள்ள டிஸ்க் இருக்கிற பக்கம் மட்டும் நீண்டு, சாவித் துவாரம் போல. அது ஈஎஸ்பிஎல்லின் கையெழுத்து. நைட்ரோபியூரன்டொயினைச் சுற்றி நல்ல அகலமான வட்டம். ரிப்போட்டில் அம்பிசிலின், சிப்ரோ, செபுரொக்சிம், செபோடாக்சிம் நாலும் 'ஆர்'. நைட்ரோபியூரன்டொயினும் ஜென்டமைசினும் மெரோபெனமும் 'எஸ்'.

பின்னேரம் போன். "இவ்வளவு ஆர் கிடக்கே பிள்ளை! பக்கத்து வீட்டுக்காரி சொல்றா, மெரோபெனம் ஊசி ஒரு கிழமை போட்டால்தான் அடங்குமாம். ஆஸ்பத்திரியிலை நிக்கட்டோ?"

"கடுப்பு இருக்கோ பெரியம்மா?"

"அது நேத்தே நிண்டுட்டுது."

கிருமி சலப்பையோடு நின்றது, போட்ட மருந்து சலப்பைக்கு எட்டியது. மெரோபெனம் இந்த இடத்துக்கு வந்த ஆயுதமே இல்லை. ஐந்து நாளையும் முடிக்கச் சொன்னேன். சுகமென்றால் திரும்பக் கல்ச்சர் செய்யவும் தேவையில்லை. ரிப்போட்டைக் கவனமாய் வைத்து, அடுத்து எந்த டொக்டரிடம் எதற்குப் போனாலும் காட்டச் சொன்னேன். மாதவிடாய் நின்ற பிறகு திரும்பத் திரும்ப வருவதற்கு ஈஸ்திரஜன் கிரீம் உதவும், 1993இலேயே நிரூபித்த விஷயம், டொக்டரிடம் கேளுங்கோ என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "உதையெல்லாம் போய் எப்பிடிக் கேக்கிறது" என்றார். கடைசியில் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொண்டுபோகச் சம்மதித்தார்.

அந்தச் சிப்ரோ ஆறும் ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் இன்னும் கிடக்கின்றன. எறியச் சொன்னால், "காசு குடுத்து வாங்கினதல்லோ" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். வரும்போது நானே எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.